பாலம் தூக்கியிருந்த நேரம்

மூன்று தவணை விழாவிட்டால்
என் போனில் ஒரு முகவரி விழும்.
அவர்களுக்கும் எனக்கும் அவ்வளவுதான் உறவு.

துலூத் நகரில் நவம்பர் கடைசி.
ஏரிக்காற்று காதைக் கழற்றிக்
கையில் கொடுத்துவிடும்.
பார்க் பாயிண்ட் என்பது ஒரு மணல்திட்டு.
இருபுறமும் தண்ணீர், நடுவே ஒரு தெரு,
வெளியேற ஒரே பாலம்.

விடிகாலை நாலே முக்கால்.
குப்பைத்தொட்டிக்கும் கவிழ்த்துப்போட்ட படகுக்கும் இடையில்
சாம்பல் நிறச் செவர்லே,
வலது விளக்கு டேப் ஒட்டி நின்றது.
கோப்பில் பெயர்: கோஸ்கெலா, மார்னி.

எனக்கு நாற்பது நொடி போதும்.
இரும்புக் கை தாழும், சக்கரத்தைக் கவ்வும், தூக்கும்.
நாய் யோசித்து முடிப்பதற்குள் தெருமுனை.
முதல் வருடம் கை நடுங்கியது.
இப்போது காபிகூடச் சிந்துவதில்லை.

அன்று பாலம் தூக்கிவிட்டது.

தாது ஏற்ற வரும் கப்பல் ஊத,
பாலம் அதே ஊதலைத் திருப்பிச் சொன்னது.
சிவப்பு விளக்கு.
எனக்குப் பின்னால் மூக்கு உயர்ந்த கார்.
காருக்குப் பின்னால்
பனியில் ஓடி வருகிறாள் ஒரு பெண்:
நீலச் சீருடைமேல் ஆண்பிள்ளைக் கோட்டு,
கயிறு கட்டாத பூட்ஸ்.

கதவைப் பூட்டினேன். பழக்கம்.
துப்பாக்கி பார்த்திருக்கிறேன், சுடுதண்ணீர் பார்த்திருக்கிறேன்,
என் அம்மாவை எத்தனையோ மொழிகளில் கேட்டிருக்கிறேன்.
அவள் கண்ணாடியைத் தட்டிச் சொன்னாள்:
"சாவி வேண்டாமா?
சாவி இல்லாமல் எடுத்துப்போனால்
புதுச் சாவிக்கும் என் கணக்கில்தானே எழுதுவார்கள்?"

கண்ணாடியை இறக்கி வாங்கினேன்.
உள்ளங்கையில் வைத்தே ஓடி வந்திருக்கிறாள்.
சூடாக இருந்தது.

"ஆறு மணிக்கு வேலை. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவு.
முதல் பஸ்ஸே ஆறேகாலுக்குத்தான்."

பயணிகளை ஏற்றக்கூடாது.
டாஷ்போர்டில் ஸ்டிக்கரே ஒட்டியிருக்கிறது.
அதன்மேல் கையுறையைக் கழற்றி வைத்தேன்.

கப்பல் போய்க்கொண்டே இருந்தது.
ஒரு தெரு தன் விளக்குகளோடு
வீடு மாற்றிப் போவதுபோல
அவசரமே இல்லாமல்.
"இதற்கு மாதம் எவ்வளவு கட்டுவார்களோ" என்றாள்.
நான் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

கேட்காமலே சொன்னாள்.
ஆகஸ்டில் வீட்டு ஹீட்டர் செத்தது.
செப்டம்பரில் பல்.
"அக்டோபரில் ஒன்றுமில்லை.
பணம்கூட இருந்தது.
கடிதத்தைப் பிரிக்கத்தான் பயம்."

வேலைக்கு வரும்போது நான் பதில் கொண்டுவருவதில்லை,
கொக்கிதான்.

பாலம் இறங்கியது. மேட்டுத்தெருவில் ஏறினோம்.
பக்கவாட்டுக் கண்ணாடியிலேயே அவள் கண்.
சொந்தக் கார் தன்னைத் தொடர்ந்து வருவதை
எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

"ஏற்றத்தில் இரண்டாம் கியர் தயங்கும்.
கொஞ்சம் பொறுத்தால் விழுந்துவிடும்.
வாங்குகிறவரிடம் சொல்லுங்கள்."
சொல்கிறேன் என்றேன்.
வாங்குகிறவரை நான் பார்த்ததே கிடையாது.

ஆஸ்பத்திரிப் பின்வாசல். ஐந்து ஐம்பத்திரண்டு.
இறங்கும்போது வாய் தானாக "ரொம்ப" என்று தொடங்கி
மீதியை விழுங்கிக்கொண்டது.
கதவை மட்டும் மெதுவாகச் சாத்தினாள்.

யார்டில் படிவம் நிரப்பினேன்.
ஓடிய மைல், கீறல், டயர்.
உள்ளே இருந்தவை: பனி சுரண்டி, ஒற்றைக் காதணி,
பிரிக்காத உறைகள் ஐந்து.
சாவி: உண்டு. கொடுத்தவர்: கடனாளி.
பெற்ற இடம் என்றொரு கட்டம் இருந்தது.
பாலம் என்று எழுதினேன்.
பக்கத்து இருக்கையில் உருகிக் கிடந்த பனியைச்
சட்டைக்கையால் துடைத்துவிட்டு
அடுத்த முகவரியைத் திறந்தேன்.